இளம்புழு தரும் மையத்தைச் சோதிப்பது எப்படி?

''மல்பெரி பயிரிட்டு, இளம்புழு வாங்கி வளர்க்கிறேன். சென்ற முறை புழுக்கள் சீராக வளரவில்லை, கூடும் குறைவு. புழு கொடுத்த மையத்தின் மீது சந்தேகம் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?''

வாசகர், உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்.

முதலில், அதே தொகுதியில் புழு வாங்கிய மற்ற விவசாயிகளை விசாரியுங்கள். எல்லோருக்கும் பாதிப்பு என்றால் முட்டையிலோ மையத்திலோ கோளாறு இருக்கலாம். உங்களுக்கு மட்டும் என்றால் உங்கள் கொட்டகையையும் இலையையும் கவனியுங்கள்.

தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே பரவும் நோய் பெப்ரின். இதற்கு மருந்து கிடையாது. அதனால்தான் முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து, நுண்ணோக்கியில் பார்த்த பிறகே முட்டையை விற்க வேண்டும். 1860-களில் லூயி பாஸ்டர் காட்டிய வழி இது.

அடுத்த முறை வாங்கும் முன்பு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, மையத்தின் பதிவுச் சான்று. மத்திய பட்டு வாரியச் சட்டத்தில் 2006-ல் செய்த திருத்தப்படி முட்டை உற்பத்தியாளர்களும் இளம்புழு மையங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு, முட்டை எந்த வித்தகத்தில் இருந்து வந்தது, தொகுதி எண் என்ன? இதை ரசீதில் எழுதி வாங்குங்கள். மூன்று, தட்டுகளை நேரில் பாருங்கள். இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால், சில புழுக்களைப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெப்ரின் உறுதியானால் புழுக்களையும் கழிவையும் எரித்துவிடுங்கள். தோட்டத்துக்கு எருவாகப் போடாதீர்கள். அடுத்த பருவமும் பாழாகும்.