நாள்வழியில் இருக்கிறது, பேரேட்டில் இல்லை!



கடை வைத்து நடத்துபவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒருவருக்குக் கடனாகச் சரக்கு கொடுத்தால் அன்றே நாள்வழியில் எழுதி விடுகிறோம். ஆனால் அதைப் பேரேட்டில் அவர் பெயரில் ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும்? பேரேட்டைப் புரட்டும் கணக்கப்பிள்ளைக்கு அந்த ஆள் பாக்கியே இல்லாத நாணயஸ்தராகத் தெரிவார். மறுபடியும் சரக்கு போகும். நஷ்டம் நம் தலையில் விழும்.

நம் கணக்கில் இந்தக் கவனக்குறைவு நடந்தால் போவது பணம். உலகத்துக்கே சட்டமும் ஒழுங்கும் போதிக்கும் அமெரிக்காவில் இதே கவனக்குறைவு நடந்தபோது போனது 32 உயிர்கள்!

2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா மாநிலத்தின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் இரண்டு கைத்துப்பாக்கிகளுடன் புகுந்து 32 பேரைச் சுட்டுக் கொன்றான். பிறகு தன்னையும் மாய்த்துக் கொண்டான். அந்தத் துப்பாக்கிகளை அவன் திருடவில்லை, கள்ளச் சந்தையில் வாங்கவும் இல்லை. உரிமம் பெற்ற வியாபாரிகளிடம் பணம் கொடுத்து, அரசாங்கத்தின் சோதனையில் 'தேறி' வாங்கினான். எப்படித் தேறினான்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சட்டம் இருந்தது!

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவது நாம் நினைப்பது போல முற்றிலும் கட்டுப்பாடற்றதல்ல. நீதிமன்றமோ சட்ட அதிகாரம் பெற்ற வேறு அமைப்போ ஒருவரை மனநலக் காரணத்தால் ஆபத்தானவர் என்று தீர்மானித்திருந்தால், அல்லது அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிட்டிருந்தால், அவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. இது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் முப்பது ஆண்டுகள் இதைச் சரிபார்க்க நாடு தழுவிய வழி எதுவும் இல்லை. வாங்குபவர் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் வியாபாரி நம்ப வேண்டியதுதான். 1981இல் ஜனாதிபதி ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடி தலையில் குண்டடிபட்டு வாழ்நாள் முழுவதும் முடமானார். அவர் பெயரால் 1993இல் பிராடி சட்டம் நிறைவேறியது. அதன்படி 1998 நவம்பர் 30 முதல் எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சோதனை முறை வந்தது. வியாபாரி தொலைபேசியிலோ கணினியிலோ பெயரைச் சொல்வார். 'கொடுக்கலாம்', 'கொடுக்காதே', 'பொறு' என்று பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். 'பொறு' என்று சொல்லி மூன்று வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால், வியாபாரி தன் பொறுப்பில் விற்கலாம்!

ஏடு இருந்தது, எழுத்து இல்லை!

பேரேடு தயார். அதில் பெயரை ஏற்றுவது யார்?

அந்த வர்ஜீனியா மாணவன் விஷயத்தில், 2005 டிசம்பரிலேயே ஒரு சிறப்பு நீதிபதி அவன் மனநோயால் தனக்கே ஆபத்தானவன் என்று தீர்மானித்தார். மருத்துவமனையில் அடைக்காமல், வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டார். மத்தியச் சட்டப்படி அன்றே அவன் துப்பாக்கி வாங்கும் உரிமையை இழந்து விட்டான். ஆனால் வர்ஜீனியா மாநிலம் என்ன செய்தது? மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் பெயரை மட்டும் அனுப்புவதே வழக்கம் என்று இருந்து விட்டது. நீதிமன்றக் கோப்பில் தீர்ப்பு இருந்தது. எஃப்.பி.ஐ.யின் பட்டியலில் பெயர் இல்லை. பதினாறு மாதங்கள் கழித்து 32 ஜனாஸாக்கள்!

வர்ஜீனியா மட்டும் சோம்பேறி மாநிலம் என்று நினைத்து விடாதீர்கள். மனநலப் பதிவுகளை அனுப்புவதில் அன்று முன்னணியில் இருந்த மாநிலங்களில் அதுவும் ஒன்று! அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை அப்போது ஒரு பெயரைக்கூட அனுப்பியிருக்கவில்லை.

முன்கூட்டியே எச்சரிக்கை மணி அடிக்கவில்லையா? அடித்தது. 2002 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் லின்புரூக் ஊரில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் பாதிரியாரும் வழிபட வந்த ஒரு பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் மனநல மருத்துவமனைப் பின்னணி உள்ளவன். அந்தப் பதிவும் சோதனைப் பட்டியலுக்குப் போகவில்லை. உடனே மசோதா கொண்டு வந்தார்கள். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் செத்தது. ஐந்தாண்டுகள் தூங்கினார்கள். 32 பேர் மாண்ட பிறகுதான் விழித்தார்கள். 2008 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார்.

ஏன் கட்டாயப்படுத்த முடியவில்லை? மத்திய அரசின் சோதனை வேலையைச் செய்யும்படி மாநில அதிகாரிகளுக்கு ஆணையிட முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து விட்டது. ஆகவே 2008 சட்டம் பெயர்களை அனுப்பும் மாநிலத்துக்கு நிதி, அனுப்பாத மாநிலத்துக்கு நிதிக்குறைப்பு என்ற வழியைப் பிடித்தது. பணம் பேசியதும் கோப்புகள் நகர்ந்தன. பென்சில்வேனியா மாநிலம் 2013இல் ஒரே மூச்சில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பியது. அத்தனை நாள் அவை எங்கே கிடந்தன?

இந்த அலட்சியம் ராணுவத்தையும் விடவில்லை. குடும்பத்தினரைத் தாக்கியதற்காக 2012இல் ராணுவ நீதிமன்றம் தண்டித்த ஒரு விமானப்படை வீரரின் பெயரை விமானப்படை பட்டியலுக்கு அனுப்பவில்லை. அவர் கடையில் துப்பாக்கி வாங்கி, 2017 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்துத் தேவாலயம் ஒன்றில், தாயின் வயிற்றிலிருந்த சிசு உட்பட 26 பேரைக் கொன்றார். குற்றத்தில் 60 சதவீதப் பொறுப்பு அரசுக்கே என்று 2021இல் நீதிமன்றம் சொன்னது. 2023இல் 14 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ஒரு படிவத்தை அனுப்பாததற்கு இவ்வளவு விலை!

நமக்கென்ன என்கிறீர்களா?

இளைஞர்களே! இங்குதான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

துப்பாக்கி ஏந்தியவன் வெள்ளைக்காரனாக இருந்தால் 'மனநோயாளி' என்றும், அவன் பெயர் அரபியில் இருந்தால் 'பயங்கரவாதி' என்றும் எழுதும் பழக்கம் மேலை ஊடகங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. நாம் இரண்டாவது முத்திரையைக் கண்டு கொதிக்கிறோம், நியாயம்தான். முதல் முத்திரை மட்டும் நீதியா? மனநோயால் வாடும் லட்சக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அமெரிக்காவின் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். துப்பாக்கியால் முதலில் சாவது பெரும்பாலும் அந்தத் துயரப்படும் மனிதன்தான். பட்டியலில் பெயரைச் சேர்ப்பது ஊரை மட்டுமல்ல, அவனையும் காப்பாற்றத்தான்.

ஆகவே பட்டியல் வேண்டும். ஆனால் யார் கையில்?

நீதிமன்றத்தின் கையில் என்பதே நம் பதில். அங்கே விசாரணை உண்டு, வழக்கறிஞர் உண்டு, எதிர்வாதம் செய்ய வாய்ப்பு உண்டு. 2016 டிசம்பரில் ஒபாமா அரசு ஒரு விதி கொண்டு வந்தது. மனநலக் குறைபாட்டுக்காக அரசு உதவித்தொகை பெற்று, அந்தப் பணத்தைக் கையாள வேறொருவரை நியமிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களின் பெயர்களும் பட்டியலுக்குப் போகும் என்றது அந்த விதி. கணக்குப் பார்க்கத் தெரியாதவர் எல்லாம் கொலைகாரரா? துப்பாக்கி ஆதரவாளர்களோடு சேர்ந்து குடியுரிமை அமைப்புகளும் மாற்றுத் திறனாளிகள் அமைப்புகளும் எதிர்த்தன. 2017 பிப்ரவரியில் அது ரத்தானது. அதை எதிர்த்தவர்களில் ஒரு சாராரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், நீதிமன்றம் தொடாத ஒருவரின் உரிமையை ஒரு அலுவலக மேசை பறிக்கலாகாது என்ற வாதம் சரியானது.

அந்த வாதம் நம்மவர்களுக்கு எவ்வளவு அவசியம் என்று பாருங்கள். 2016 ஜூனில் ஆர்லாண்டோ படுகொலைக்குப் பிறகு, பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் உள்ளவர்களுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்ற யோசனைகள் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றன. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது? விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. தம் சமுதாயத்தையே உளவு பார்க்க மறுத்ததால் விமானத் தடைப் பட்டியலில் தங்களைச் சேர்த்தார்கள் என்று முஸ்லிம்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். அந்த அதிகாரிகளிடம் அவர்கள் இழப்பீடு கோரலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது!

நீதிபதி எழுதும் பெயருக்கும் உளவுக்காரர் எழுதும் பெயருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

திரும்பி வர வழி வேண்டும்!

வியாபாரப் பெருமக்களே! கடனை அடைத்தவன் பெயரை நாம் பேரேட்டில் அடித்து விடுவதில்லையா? மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் 1986இல் மனைவி பிரிந்து போன துயரத்தில் சில வாரங்கள் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அதன் பிறகு இயல்பாக வாழ்ந்தவர். கால் நூற்றாண்டு கழித்தும் அவருக்குத் தடை நீங்கவில்லை. மனுப்போட மாநிலத்தில் வழியில்லை. மத்திய அரசின் வழிக்கு 1992 முதல் நிதி ஒதுக்கப்படவில்லை. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி ஆயுள் முழுவதும் தடை விதிப்பதற்கான நியாயத்தை அரசு நிரூபித்தாக வேண்டும் என்றது. குணமானவர் பெயரை நீக்க வழி செய்யும் மாநிலத்துக்கே நிதி என்று 2008 சட்டத்தில் சேர்த்தது அதனால்தான் நல்ல காரியம்.

இந்தப் பட்டியலில் நோயின் பெயரோ மருத்துவரிடம் பேசியதோ இருக்காது. ஆள் அடையாளமும் தடை என்ற குறிப்பும் மட்டுமே. தானாக மருத்துவமனைக்குப் போனவர் பெயரும் அதில் ஏறாது. இந்த உறுதி மிக முக்கியம். சிகிச்சைக்குப் போனால் உரிமை போய்விடும் என்று பயந்தால் ஒருவரும் மருத்துவரிடம் போக மாட்டார்கள். அப்புறம் ஆபத்து இரட்டிப்பாகும்.

இவ்வளவு செய்தும் ஓட்டை இருக்கிறது. உரிமமில்லாத தனி ஆளிடம் வாங்கினால் மத்தியச் சட்டப்படி சோதனையே கிடையாது. கடைவாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள்!

தீர்ப்பெழுதிய அன்றே பெயர் பட்டியலுக்குப் போக வேண்டும். நீதிமன்றம் சொல்லாத எவர் பெயரும் போகக் கூடாது. குணமானவர் பெயர் நீங்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒன்று அப்பாவி சாவான், அல்லது அப்பாவி தண்டிக்கப்படுவான்.

நாளை எந்த நாட்டில், எந்த அரசு, எந்தப் பட்டியலை நீட்டினாலும், 'எழுதியது யார்? எந்த விசாரணையில்? நீக்குவது எப்படி?' என்று கேட்கும் துணிவு நம் இளைஞர்களுக்கு வர வேண்டும். கேளுங்கள்! பதில் வரும் வரை கேளுங்கள்!