அப்பாவின் மட்டையை நறுக்கிக் கொடுக்காதீர்கள்



மூன்று மாதமாக அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறேன். கில்லி தாண்டலைத் தவிர எதுவும் ஆடியறியாத நான் கோல்ஃப் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். விஷயம் விளையாட்டைப் பற்றியது மட்டுமல்ல.

பேரனுக்கு வயது 13. பள்ளி கோல்ஃப் அணியில் சேர ஆசை. என் மகன் தன்னுடைய பழைய மட்டையின் மேல்முனையில் நான்கு அங்குலம் நறுக்கி, புதுப் பிடி மாட்டிக் கொடுத்தான். அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துத் தைத்துப் பிள்ளைக்குப் போடுவோமே, அதே சிக்கனம். நானும் பாராட்டினேன்.

பையன் அடித்த பந்து உயரவே இல்லை. வலப்பக்கமாக விலகி விலகிப் போனது. ஒரு மாதத்தில் மணிக்கட்டு வலி. "எனக்கு வராது தாத்தா, விட்டுடறேன்" என்றான். இந்தப் பேச்சை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். பல சமயம் குறை பிள்ளையிடம் இருந்ததில்லை.

மட்டையை ஆளுக்கேற்பப் பொருத்தித் தரும் ஒருவரிடம் போனோம். அவர் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தார். பிறகு ஒரு கருவியின் முன் பத்துப் பந்து அடிக்கச் சொன்னார். மட்டையின் தலை மணிக்குச் சுமார் 70 மைல் வேகத்தில் வந்தது. மகனின் மட்டைத் தண்டிலோ 'எஸ்' என்று அச்சிட்டிருந்தது. அது ஏறக்குறைய 95 முதல் 105 மைல் வேகத்தில் வீசுகிறவர்களுக்கானது!

அந்தத் தண்டைத்தான் ஷாஃப்ட் என்கிறார்கள். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகள் அது எவ்வளவு வளையும் என்பதைக் காட்டுபவை. எல் நன்றாக வளையும். எக்ஸ் மிக விறைப்பு. இவை மதிப்பெண் அல்ல. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவும் கிடையாது. ஒருவருடைய 'ஆர்' இன்னொருவருடைய 'எஸ்' போல இருக்கலாம்.

நறுக்கினால் என்ன ஆகும்? நான் வகுப்பில் செய்து காட்டியது நினைவிருக்கிறதா? அளவுகோலை மேசை விளிம்புக்கு வெளியே நீளமாக நீட்டி அழுத்தினால் எளிதாக வளையும். கொஞ்சமாக நீட்டினால் வளையாது. தண்டும் அப்படித்தான். குட்டையாக்கியதால் இன்னும் விறைத்துப் போனது. தலையோ பெரியவர்களுக்கான அதே கனம். இது தெரியாமல் பாராட்டிய நான் என்ன வாத்தியார்!

பொருத்துபவர் 50 கிராம் எடையுள்ள 'ஏ' தண்டைக் கொடுத்தார். கடைகளில் அதை முதியோருக்கென்று விற்கிறார்கள். "இது உங்களுக்கான மட்டை தாத்தா" என்று பேரன் முகம் சுளித்தான். "அடுத்த வருஷம் வளர்ந்துடுவான், எஸ்ஸே இருக்கட்டும்" என்றான் மகன். இருவருக்குமே அந்த எழுத்துதான் கௌரவப் பிரச்சினை. "எழுத்தை மறைத்துவிட்டு அடி" என்றேன். பந்து எழும்பிப் போனது.

என் கருத்து இதுதான்: பிள்ளை நாளைக்கு வளரப்போகும் அளவுக்கு இன்றே கருவி வாங்காதீர்கள். பெரிய சட்டையை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். பொருந்தாத மட்டையோ தப்பான வீச்சைப் பழக்கிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

செலவாகுமே என்பீர்கள். புதிதாக வாங்க வேண்டியதில்லை. நாங்கள் வாங்கியது பழையதுதான். எடை, வளைவு, நீளம் மூன்றும் இன்றைய உடம்புக்குச் சரியாக இருந்தால் போதும். தண்டு எவ்வளவு முறுக்கிக்கொள்ளும், எந்த இடத்தில் அதிகம் வளையும் என்பதையெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். மட்டையை மாற்றினால் எல்லாம் வந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். பயிற்சியாளரும் வேண்டும், மணிக்கட்டுக்கு ஓய்வும் வேண்டும்.

அணியில் இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ. "விட்டுடறேன்" என்ற பேச்சு மட்டும் இப்போது இல்லை.

உங்கள் வீட்டில் "எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால், திட்டுவதற்கு முன் அதன் கையில் என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்