ஒரு வாளி ஐஸ் தண்ணீரும் ஒரு வாளி அரிசியும்

"படம் பிடிக்கிறதிலே என்ன பெரிய வித்தை இருக்கு? பொத்தானை அமுக்கினா விழுந்துட்டுப் போகுது!" என்று அலட்சியமாகப் பேசியவள்தான் நானும். அந்த அலட்சியத்துக்கு நான் கொடுத்த விலை ஆயிரம் ரூபாய். அந்தக் கதையைத்தான் இந்தத் தடவை சொல்லப் போகிறேன்.

2014-ம் வருஷம், ஆகஸ்ட் கடைசி. எங்கள் பள்ளிப்பட்டில் வெயில் இன்னும் இறங்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மூத்தார் பிள்ளை லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வந்த மறுநாளே, "சித்தி, நான் தலையிலே ஒரு வாளி ஐஸ் தண்ணியை ஊத்திக்கப் போறேன். நீங்கதான் செல்போன்லே படம் பிடிக்கணும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டா, ஜுரம் வந்தா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

பிறகுதான் விவரம் சொன்னான். ஏ.எல்.எஸ். என்று ஒரு நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போகுமாம். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு விடுவது என்று ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததும் இதுதான். அமெரிக்காவில் இந்த நோயால் அவதிப்பட்ட பீட் ஃபிரேட்ஸ், பாட் க்வின் என்ற இரண்டு இளைஞர்கள், ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நன்கொடை கொடுக்கும் பழக்கத்தை ஊரறியச் செய்தார்கள். அந்த ஒரு கோடையில் அங்குள்ள ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் உதவிய ஆராய்ச்சியில், 2016-ல் இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். பீட் 2019-லும் பாட் 2020-லும் காலமாகிவிட்டார்கள். விளையாட்டு என்று நான் நினைத்தது எத்தனை பெரிய காரியம், பாருங்கள்!

எங்கள் பிள்ளையின் சிநேகிதர்கள் பத்துப் பேர், ஆளுக்கு நூறு ரூபாய் தர்ம காரியத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "ஆனா வீடியோவைப் பார்த்தாத்தான் காசு" என்று நிபந்தனை.

மொட்டை மாடியில் காலை பத்து மணிக்கு ஏற்பாடு. அவன் கிழக்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றான். நான் எதிரே நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் விழுந்ததும் அவன் போட்ட சத்தத்தில் நானும் "ஐயோ" என்று கத்தி, கையை உதறிவிட்டேன்.

படத்தைப் போட்டுப் பார்த்தால் வெட்கக்கேடு! பளீரென்ற வானத்துக்கு முன்னால் கறுப்பாக ஓர் உருவம். முகமே தெரியவில்லை. தண்ணீர் விழுகிற நேரத்தில் படத்தில் இருந்தது பக்கத்து வீட்டுத் தென்னை மரம். "இது நீதானான்னு எப்படி நம்புறது? அது ஐஸ் தண்ணியா, பச்சைத் தண்ணியா?" என்று சிநேகிதர்கள் கேலி செய்தார்களே தவிர, காசு வரவில்லை. மறுபடி செய்யலாம் என்றால் ஐஸும் தீர்ந்துவிட்டது, பையனுக்குத் தும்மலும் பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் காலி வாளியை வைத்து அவன் எனக்குப் பாடம் நடத்தினான். உங்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

சூரியனோ ஜன்னலோ படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிராளியின் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டுவிடும். உச்சி வெயிலும் வேண்டாம், கண்ணுக்குக் கீழே நிழல் விழும். சமையல் கையோடு செல்போனை எடுக்கிறோமே, அந்த எண்ணெய்ப் பிசுக்கு லென்ஸில் ஒட்டினால் படம் மங்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். வீடியோவுக்குச் செல்போனைப் படுக்கை வசமாக, இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் ஆடாது. தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுப்பதைவிட நாமே நாலு எட்டு கிட்டே போவது நல்லது. காரியம் தொடங்குமுன் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், முடிந்த பிறகும் ஐந்து எண்ணிவிட்டு நிறுத்துங்கள். திரும்பச் செய்ய முடியாத காரியமென்றால், ஒரு தடவை வெறும் வாளியோடு ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

(இன்னொன்று: வயதானவர்களும் இருதயக் கோளாறு உள்ளவர்களும் ஐஸ் தண்ணீர் விளையாட்டுப் பக்கமே போக வேண்டாம். திடீர்க் குளிர்ச்சி ஆபத்தாகிவிடும்.)

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "தண்ணியை மொட்டை மாடியிலே கொட்டினீங்களே, அதுக்கு ஒரு வாளி அரிசியை யாருக்காவது கொடுத்திருந்தா ஒரு வயிறாவது நிறைஞ்சிருக்கும்" என்றார்.

பையன் துள்ளி எழுந்தான். அந்த மாதம்தான் ஐதராபாத்தில் மஞ்சு லதா கலாநிதி என்ற பத்திரிகையாளர், 'ரைஸ் பக்கெட்' என்று இதையே தொடங்கியிருந்தார். ஏழைக்கு ஒரு வாளி அரிசி கொடு, அதைப் படம் எடுத்துப் போடு, மற்றவர்களையும் செய்யச் சொல் என்பதுதான் அது. சிநேகிதர்களும் சம்மதித்தார்கள். என்னவர் கடையிலிருந்து அரிசி வாங்கி வந்தார்.

எங்கள் பக்கம் தறிக் குடும்பங்கள் அதிகம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை ஊர் இது. இரண்டு தெரு தள்ளி ஒரு வயதான அம்மா, தறியில் நூல் வேலை செய்தே பிழைத்தவர். கணவருக்குக் கை விழுந்து வேலை நின்றிருந்த நேரம். அவர் வீட்டுக்கே வாளியோடு போனோம். இந்தத் தடவை நான் எல்லாப் பாடத்தையும் ஞாபகம் வைத்திருந்தேன். வெளிச்சம் என் முதுகுப் பக்கம், லென்ஸ் துடைத்தாயிற்று, கிட்டேயும் போயாயிற்று.

செல்போனைத் தூக்கியதும் அந்த அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "வத்தம்மா, போட்டோ வத்து. என் பொண்ணை நகரியிலே கட்டிக் கொடுத்திருக்கேன். அவ மாமியார் வீட்டிலே யாராவது பார்த்தா அவளைத்தானே பேசுவாங்க?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் வயசுக்கு வரும் ஒரு பெண் இருக்கிறாள். நாளைக்கு என் நிலைமை இப்படி ஆகி, நான் கை நீட்டி வாங்குவதை அவள் புகுந்த வீட்டார் பார்த்தால்?

ஐஸ் தண்ணீரில் நனைந்தவன் கொடுக்கிறவன். சிரித்தாலும் கேலி செய்தாலும் அவனைத்தான். அரிசி வாளியிலோ படத்தில் விழுவது வாங்குகிறவர் முகம். இந்த வித்தியாசம் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

செல்போனை முந்தானையில் மறைத்துக்கொண்டு, அரிசியை உள்ளே கொண்டுபோய்த் தவலையில் கொட்டிக் கொடுத்தோம். அவர் தந்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் காலி வாளியையும், உள்ளே ஒட்டியிருந்த நாலு அரிசியையும், அதைப் பிடித்திருந்த பையனின் கையையும் படம் எடுத்து அனுப்பினோம். பத்தில் ஒன்பது பேர் பணம் அனுப்பினார்கள். "யாருக்குக் கொடுத்தேன்னு தெரியலையே" என்ற பத்தாவது ஆளிடம் பையன் வாதாடவில்லை.

என் மாமியார் சொன்னார்: "திருத்தணியிலே 365 படி ஏறும்போது, ஓரமா உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் காசு போடறோம். அவங்க முகத்தைப் படம் எடுத்துக்கிட்டா போறோம்?"

அதற்குப் பிறகு அன்னதானம், பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கொடுப்பது என்று எதற்கும் என்னைத்தான் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். பரிமாறுகிறவர் முகத்தை எடுப்பேன். சாப்பிடுகிறவர்களை முதுகுப் பக்கமிருந்து எடுப்பேன், அல்லது இலையை மட்டும் எடுப்பேன். குழந்தைகள் என்றால் தாயைக் கேட்காமல் எடுப்பதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது உதவி செய்து படம் போடக் கிளம்பினால், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுங்கள். வாங்குகிறவரிடம் கேட்டாயா என்றும் ஒரு வார்த்தை விசாரித்து விடுங்கள்.