எழுதியவரே விலை கொடுக்கும் விந்தை!

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் நாட்டு வழக்கு. எழுதுகோல் ஏந்திய பேராசிரியர் கதையும் அதுவே என்றால் தோழர்கள் வியப்படையக்கூடும். வியக்கத்தான் வேண்டும்!

தமிழ் இருக்கைக்காக உலகத் தமிழர் நிதி திரட்டி வழங்கினார்களே, அந்த அமெரிக்க ஆர்வர்டு பல்கலைக் கழகத்தையே எடுத்துக் கொள்வோம். 1636-இல் தோன்றியது, பல்கலைக் கழகங்களிலே பெருஞ்செல்வம் படைத்தது. அந்தச் சீமான் வீட்டு நூலகமே 2012-இல் கையை விரித்தது! ஆராய்ச்சி ஏடுகளுக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் போகிறது, சில ஏடுகளுக்குத் தலைக்கு 40 ஆயிரம் டாலர் வரை கேட்கிறார்கள், இனித் தாங்காது என்று பேராசிரியர்களுக்கு மடல் விடுத்தது.

ஏன் இந்த விலை? ஆராய்ந்தவர் பேராசிரியர். அவருக்கு ஊதியம் தந்தது பல்கலைக் கழகம். ஆய்வுச் செலவிலே பெரும்பங்கு தந்தது அரசு, அதாவது வரி கட்டிய மக்கள். எழுதியதற்குப் பதிப்பாளன் காசு தருவதில்லை. கட்டுரை சரியா தவறா என்று சோதித்துச் சொல்லும் மற்றப் பேராசிரியருக்கும் பெரும்பாலும் கூலி இல்லை. உரிமையை மட்டும் எழுதி வாங்கிக் கொண்டு, அதே சரக்கை அதே பல்கலைக் கழகத்துக்கே விற்கிறான்! மில் முதலாளிகூடப் பஞ்சுக்கு விலை கொடுக்கிறான். நெய்தவனுக்குக் கூலி கொடுக்கிறான், குறைத்தாவது கொடுக்கிறான். இங்கே அதுவும் இல்லை.

மடலுக்கு நான்காண்டு முன்பே, 2008 பிப்ரவரியில், அங்கே கலை அறிவியல் பிரிவுப் பேராசிரியர்கள் கூடி ஒருமனதாக முடிவெடுத்தார்கள். பதிப்பாளனிடம் கையெழுத்துப் போடுமுன்பே, கட்டுரையை வெளியிடும் உரிமையைப் பல்கலைக் கழகத்துக்குத் தந்துவிட்டோம் என்றார்கள். 2009-இல் 'டாஷ்' என்ற இணையக் களஞ்சியம் திறந்தது. அதிலே திறந்து வைத்த கட்டுரையைப் படிக்கச் சந்தாவும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். துறைமுகத் தொழிலாளியின் மகன் கைபேசியிலேயே படிக்கலாம்!

முழு வெற்றி என்று நாம் முழங்கவில்லை. விலக்கு வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் விலக்கு உண்டு. அந்த விலக்கை வாங்கி வா என்று மிரட்டுகிற பதிப்பாளரும் உண்டு. முதலாளி சும்மா இருப்பானா? படிப்பவனிடம் வாங்கக்கூடாதா, எழுதுபவனிடம் வாங்குகிறேன் என்று கிளம்பிவிட்டான். கட்டுரையை எல்லோரும் படிக்கத் திறந்து வைக்க 'நேச்சர்' ஏடு 2021-இல் விதித்த கட்டணம் 9,500 யூரோ! பொன்னெழுத்திலா அச்சடிக்கிறார்கள்?

இனி நம் பக்கம் வருவோம். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2024 நவம்பரில் டில்லி அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர், ஏறத்தாழ 13,000 ஏடுகள். அரசுக் கல்லூரி மாணவர்க்குப் பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் இது வாடகை வீடு. சொந்த வீடோ ஏற்கெனவே இருக்கிறது: பல்கலைக் கழக மானியக் குழு 2009-இல் விதி செய்து, நம் பல்கலைக் கழக ஆய்வேடுகள் 'சோத்கங்கா' களஞ்சியத்திலே சேருகின்றன, பைசா செலவின்றி யாரும் படிக்கலாம். ஆய்வேட்டுக்குச் செய்ததை, நம் வரிப்பணத்தில் விளைந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் அனைத்துக்கும் கட்டாயமாக்க ஏன் தயக்கம்? 2027 முடிந்து பேரம் பேச உட்காரும்போது, அந்த 30 பேரும் என்ன விலை சொல்வார்கள்? டில்லியைத்தான் கேட்கிறோம்.