ஒற்றை மின்விளக்கும் வறுமைக் கணக்கும்

தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமையில் உள்ளோர் 2015-16இல் 4.76 விழுக்காடு, 2019-21இல் 2.20 விழுக்காடு. நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட அறிக்கை தரும் எண்கள் இவை. குடிமனைப் பட்டாவோ கழிப்பறையோ கேட்டு நாம் மனு அளிக்கும்போது இந்த எண்ணே எதிர்வாதமாக நீட்டப்படக்கூடும். ஆகவே இது எவ்வாறு உருவாகிறது என்பதை வரைந்து பார்ப்போம்.

'ஆர்' என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில், கூட்டுக் குறியீடுகளுக்கென்றே உருவாக்கப்பட்ட 'காயினர்' என்ற தொகுப்பு உள்ளது. அது குறியீட்டின் படிநிலையை அடுக்கு வளையங்களாக வரைந்து காட்டும். (படிநிலை என்றதும் நமக்கு அம்பேத்கர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலாது.) உள்வளையத்தில் சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவை தலா 120 பாகை பெறும். வெளிவளையத்தில் 12 சுட்டிகள் அமையும். ஊட்டச்சத்துக்கு மட்டும் 60 பாகை. வாழ்க்கைத்தரத்தின் பங்கையோ எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு என ஏழு சுட்டிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 பாகை.

மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கை எட்டும் பற்றாக்குறை இருந்தால்தான் ஒரு குடும்பம் வறிய குடும்பம். நெய்வேலி அனல்மின் நிலையங்களுக்கு அருகே, முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு காலனிக் குடும்பத்தைக் கற்பனை செய்வோம். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். உடல்நலச் சுட்டிகளில் குறையில்லை. ஆனால் மண்தரை வீடு, கழிப்பறை இல்லை, நல்ல குடிநீர் இல்லை, விறகடுப்பு, சொல்லத்தக்க உடைமை இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. இருப்பது மின்விளக்கு ஒன்று. இருபத்தொன்றில் ஆறு பங்கு, அதாவது 28.6 விழுக்காடு. அந்த ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் அக்குடும்பம் வறுமைப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

குடிநீர்ச் சுட்டி, நீர் ஆதாரம் எவ்வகையானது, எவ்வளவு தொலைவில் உள்ளது என்றே கேட்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டது தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில். இச்சுட்டியின் பார்வையில் தொட்டியும் குழாயும் பாதுகாப்பான ஆதாரங்களே.

சாதியை 13ஆவது சுட்டியாகச் சேர்க்க நாம் கோரவில்லை. ஒவ்வொரு சுட்டியையும் சாதிவாரியாகப் பிரித்துக் காட்டவே கோருகிறோம். இது இயலாத செயலன்று. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு மையமும் 2021இல் வெளியிட்ட உலக அறிக்கை, இந்தியாவின் 2015-16 தரவைக் கொண்டு அதைச் செய்தது: பழங்குடியினரில் 50.6, பட்டியல் சாதியினரில் 33.3, பிற பிற்படுத்தப்பட்டோரில் 27.2 விழுக்காட்டினர் வறியோர். மாவட்ட அளவில் இவ்வாறு பிரிக்கத் தேசியக் குடும்பநல ஆய்வின் மாதிரி போதாது என்பது நியாயமான வாதம். அப்படியெனில் மாநில அரசே தனிக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்க வேண்டுமெனத் தமிழ்நாடு 2024இல் சட்டம் இயற்றியுள்ள நிலையில், அந்த நிதி எந்தப் பற்றாக்குறையை நீக்கியது என்பதை வேறெப்படி அறிவது?

அதுவரை மாணவர்கள் தங்கள் ஊரிலேயே தொடங்கலாம். அதே 12 கேள்விகள். ஊருக்கு ஒரு வட்டம், காலனிக்கு ஒரு வட்டம். துண்டுகளின் அகலம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். பற்றாக்குறையை நிறத்தின் அடர்த்தி காட்டட்டும். வீட்டாரின் பெயர்களை நீக்கிவிட்டு, இரு படங்களையும் மனுவோடு இணையுங்கள்.