காருக்குள்ள நாய்... கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வெச்சா போதுமா?

'அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்' என்று நாயை காரில் விட்டுட்டு கடைக்குள் போகிறவர்கள் நிறைய பேர். கண்ணாடியை ரெண்டு விரல் அளவு இறக்கிவிட்டால் போதும் என்று நம்பிக்கை. போதாது.

2005-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே! கண்ணாடியை லேசாக இறக்கியும் பெரிய வித்தியாசமில்லை.

நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துதான் சூட்டைத் தணிக்கும். உள்ளே காற்றே கொதித்தால் அதுவும் பலிக்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் பாடு இன்னும் மோசம்.

சட்டம் என்ன செய்யும்? 1960-ம் ஆண்டு விலங்குவதை தடுப்புச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். சில மால்களில் பார்க்கிங் கட்டணமே இதைவிட அதிகம்! அதனால் ஒருத்தர் ஏசி போட்டு காரிலேயே இருங்க. முடியாதா? நாய் வீட்டிலேயே இருக்கட்டும்.