லென்ஸுக்குள் ‘கடகட’... பழுதா, இயல்பா?

இந்த வாரக் கேள்வி செய்யூரிலிருந்து ஒரு வாசகி அனுப்பியது.

“வணக்கம் சார். பறவைகளைப் படம் எடுக்கிற ஆசையில் என் மகன், சேர்த்து வைத்த பணத்தில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் ஜூம் லென்ஸும் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். ஆஃப் செய்துவிட்டுத் தூக்கினால் லென்ஸுக்குள் ஏதோ உருள்கிறது. ஆன் செய்தால் ‘டிக் டிக்’ என்கிறது. சில நேரம் ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை. போன வாரத்திலிருந்து ‘லென்ஸ் பொருத்தப்படவில்லை’ என்று திரையில் வருகிறது. லென்ஸைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள் கடையில். கொடுக்கலாமா?”

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கில் மூன்று, பெரும்பாலும் லென்ஸின் இயல்பு. நான்காவதைத்தான் கவனிக்க வேண்டும். அதற்கும் முதல் வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது.

உருளும் சத்தம்

பழைய லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும் கண்ணாடிகளைப் பல்சக்கரமோ திருகு மரையோ பிடித்திருக்கும். இன்றைய பல லென்ஸ்களில் இருப்பது லீனியர் மோட்டார். அதில் கண்ணாடித் தொகுதியைக் காந்த விசை பிடித்து நிறுத்துகிறது. கரன்ட் இல்லாவிட்டால் பிடியும் இல்லை. சாய்த்தால் உள்ளே நகர்ந்து இடிக்கும். ஃபுஜிஃபிலிமின் 50-140, 90 மி.மீ. லென்ஸ்கள் இந்தச் சத்தத்துக்குப் பெயர் போனவை.

சோதனை எளிது. கேமராவை ஆன் செய்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பயமில்லை. ஆன் செய்த பிறகும் உருண்டாலோ, படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக விழுந்தாலோ அது பழுது. சில கேமராக்களில் சென்சாரும் இப்படி ஆடும் என்பதால், லென்ஸைக் கழற்றி, இரண்டுக்கும் மூடி போட்டு, சத்தம் எதிலிருந்து வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘டிக் டிக்’

பழைய எஸ்.எல்.ஆரில் படம் எடுக்கும் நொடி வரை லென்ஸின் அப்பெர்ச்சர் முழுதாகத் திறந்தே இருக்கும். மிரர்லெஸ்ஸில் சென்சார் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் வெளிச்சம் மாறும்போதெல்லாம் அப்பெர்ச்சர் தகடுகள் திறந்து மூடும். ஓதியூர் காயலில் வெயில் பளிச்சிடும் தண்ணீரிலிருந்து கரை நிழலுக்குக் கேமராவைத் திருப்பினால் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

சுற்றினாலும் அசையாத வளையம்

இப்போதைய பல லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வளையம் ஒரு சிக்னலைத்தான் அனுப்பும், மோட்டார் நகர்த்தும். எனவே கேமரா ஆஃபில் இருந்தால் வளையம் சும்மா சுற்றும். ஆட்டோ ஃபோகஸில் இருந்தாலும் பல மாடல்களில் அப்படித்தான். மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிச் சுற்றிப் பாருங்கள். லென்ஸின் பக்கவாட்டில் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். ‘தூரம்’ என்று வைத்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி மேல் ஃபோகஸ் விழாது.

திரையில் வரும் எச்சரிக்கை

லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்வது, லென்ஸின் பின்புறம் வரிசையாக உள்ள சின்ன உலோகப் புள்ளிகள் வழியாக. கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் விரல் எண்ணெயும் சேர்ந்து அதில் படலம் கட்டும்.

கேமராவை ஆஃப் செய்து பேட்டரியை எடுங்கள். லென்ஸைக் கழற்றி, உலர்ந்த, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் அந்தப் புள்ளிகளை மெதுவாகத் துடையுங்கள். கேமரா பக்கம் இருப்பவை ஸ்பிரிங் முனைகள். அழுத்த வேண்டாம், சென்சாரைத் தொடவும் வேண்டாம். உப்புத்தாள், பெட்ரோல், ரப்பர் எதுவும் கூடாது. பிறகு ‘கிளிக்’ என்று பூட்டும் வரை லென்ஸைத் திருப்பிப் பொருத்துங்கள்.

அப்படியும் எச்சரிக்கை போகாவிட்டால், தெரிந்தவரிடம் உள்ள அதே வகைக் கேமராவில் இந்த லென்ஸையும், உங்கள் கேமராவில் அவர் லென்ஸையும் மாட்டிப் பாருங்கள். குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மின் இணைப்பே இல்லாத மேனுவல் லென்ஸ் என்றால் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற வசதியை ஆன் செய்தால் போதும்.

எப்போது சர்வீஸ்?

சுத்தம் செய்தும் எச்சரிக்கை தொடர்ந்தால், அரைபடும் சத்தம் வந்தால், கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை தெரிந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். அதுவும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சென்டரில். லென்ஸைத் திறந்து மூடும்போது கண்ணாடிகள் நூலிழை விலகினாலும் படத்தின் கூர்மை போய்விடும். வாரண்டி பாக்கி இருந்தால் அதுவும் போகும்.

கடலோரக்காரர்களுக்கு

முதலியார்குப்பமோ ஆலம்பரையோ போய் வந்தால், லேசாக ஈரமாக்கிய துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் பனி பூக்கும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி வேண்டாம், தூசிதான் சேரும்.

வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சரணாலயங்கள். இரண்டும் உங்களுக்குப் பக்கம்தான். சீசனுக்கு லென்ஸ் கடையில் கிடக்கக் கூடாது. யாராவது ‘கழற்ற வேண்டும்’ என்றால், “முதலில் ஆன் செய்து, சாய்த்துக் காட்டுங்கள்” என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.